கனவுக்குள் நுழையும் ஓசை
(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பணிச்சுமைக்கு இடையிலும் வருகை தந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மையார் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நாற்காலி போதாமல் நின்றுகொண்டிருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கனவில் ஓசை கேட்குமா என்பதை மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியுள்ளேன்: கனவு தானே எழுப்பும் ஓசை, வெளியிலிருந்து கனவுக்குள் நுழையும் ஓசை, பிறவியிலேயே காது கேளாதோரின் கனவு. ஊமை கண்ட கனவு என்பார்கள். கண்டவர் வாய் திறந்தாலன்றிப் பிறர் அறிய வழியில்லை. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறக்கத்தில் விழிகள் விரைந்து அசையும், கனவு மிகுதியாக வரும் கட்டத்தை உலகுக்கு அறிவித்த பின்னரே, எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்பது என்பது தெளிவாயிற்று. எழுப்பப்பட்டவர்களில் பலர் பேச்சும் இசையும் கேட்டதாகச் சொல்வதால், முதற்பகுதி அத்துடன் முடிந்தது.

இரண்டாவதற்கு ஒரு கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் ஹெர்வே த சேன்-தெனி என்றொரு பிரபு இருந்தார். நடன விருந்துகளில் அவர் இரு பெண்மணிகளுடன் ஆடுவது வழக்கம். வாத்தியக் குழுத் தலைவரைத் தனியே அழைத்து, முதலாமவருடன் ஆடும்போது இன்ன மெட்டு, மற்றவருடன் ஆடும்போது வேறு மெட்டு என்று ஏற்பாடு செய்துகொண்டார். பிறகு அந்த மெட்டுகளை இசைக்கும் பெட்டியொன்றைக் கடிகாரத்துடன் பொருத்தி, விடியற்காலையில் மெல்ல ஒலிக்கும்படி வைத்துவிட்டுப் படுத்தார். எந்த மெட்டு ஒலித்ததோ, அதற்குரிய பெண்மணி கனவில் வந்தார்! வீட்டில் என்ன சொன்னார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவரும் இதையெல்லாம் 1867இல் பெயர் போடாத நூலில்தான் வெளியிட்டார்.

ஆனால் 1958இல் டிமென்ட், வோல்பர்ட் ஆகியோர் செய்த சோதனையில், உறங்குவோர் மீது தெளித்த நீர் நூற்றுக்கு 42 முறை கனவில் இடம்பெற, ஒலியோ 9 முறைதான் இடம்பெற்றது. இதைக் கேட்டு ஒலிபெருக்கி உரிமையாளர்கள் மகிழ வேண்டாம். பிரபுவின் பெட்டி மெல்லப் பாடியது. நம் தெருவின் கூம்பு ஒலிபெருக்கி கனவுக்குள் நுழைவதில்லை, கனவையே கலைத்து விரட்டுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என வரம்பிட்டுள்ளன. விதி இருந்தும் முறையிடுவோர் இல்லாவிட்டால், நம் குறையும் ஊமை கண்ட கனவாகவே போகும்.

மூன்றாம் பகுதிக்கு நேரமில்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வட்டாட்சியர் அம்மையாரிடம் இன்றே அளிக்கவிருக்கும் மனு நூலகர் மேசையில் உள்ளது. கையெழுத்திட விரும்புவோர் தேநீருக்கு முன் அங்கே வரவும்.