மூணு சுத்து ஓடினவன்தான் வீரன்!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். கிரேக்கர்கள் டிராய் நகரத்து மேல தொடுத்த போரைப் பாடுது ஹோமரோட இலியட் காவியம். அதுல உண்மையான வீரன் யாரு, கிரேக்கன் அக்கிலீஸா, டிராய் இளவரசன் ஹெக்டரா? ஹெக்டர்தான்னு சொல்ல வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் உட்காரப் போற நேரத்துல ஒரு வார்த்தை வீசிட்டுப் போனாரு. “எதிரி கிட்ட வந்ததும் ஊரை மூணு சுத்து சுத்தி ஓடினவன் ஹெக்டர். புறமுதுகு காட்டினவனுக்கு வீரன்னு பேரா?”ன்னு கேட்டாரு. நீங்களும் கைதட்டினீங்க. அந்தக் கைதட்டலைத் திரும்ப வாங்காம நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போறதில்லை.

ஓடினானா? ஓடினான். ஹோமர் அதை மறைக்கலை. 22ஆவது காண்டத்துல நின்னு நிதானமாச் சொல்றாரு. நாமளும் நிதானமாப் பார்ப்போம்.

முதல்ல, அவன் எங்கே நின்னான்? டிராய் படை முழுக்க உயிர் பிழைச்சாப் போதும்னு கோட்டைக்குள்ள ஓடிப் போயிடுச்சு. ஸ்கேயன் வாசலுக்கு வெளியே ஒரே ஒருத்தன் நிக்கிறான். கேடயத்தைக் கோபுரத்துல சாய்ச்சு வெச்சுக்கிட்டு நிக்கிறான். மதில் மேல இருந்து அப்பன், டிராயோட கிழட்டு ராஜா பிரையம், தலைமுடியைப் பிச்சுக்கிட்டு “உள்ளே வாடா மகனே”ன்னு கதறுறான். தாய் ஹெகுபா மார்பைத் திறந்து காட்டி, “நீ பால் குடிச்ச மார்புடா இது, இதுக்காகவாவது வா”ன்னு அழறா. ஓடணும்னு நினைச்சவனா இருந்தா, பத்தடி பின்னால வாசல் இருந்தது. உள்ளே போயிருப்பானே! ஏன் போகலை?

அவன் தனக்குள்ளே பேசிக்கிறான். முந்தின நாள் ராத்திரி பாலிடமஸ்ங்கிற தோழன், “அக்கிலீஸ் திரும்பி வந்துட்டான், படையைக் கோட்டைக்குள்ள கொண்டு போயிடுவோம்”னு சொன்னான். ஹெக்டர் கேட்கலை. மறுநாள் எத்தனையோ பேர் செத்தாங்க. இப்போ சொல்றான்: “என் மூடத்தனத்தால் என் மக்களை அழித்தேன். இனி எந்த முகத்தோடு உள்ளே போவேன்?” ஒரு தளபதி, தோல்விக்கு நானே பொறுப்புன்னு ஒத்துக்கிட்டு, அந்தப் பொறுப்பைச் சுமந்துக்கிட்டு வாசல்ல நிக்கிறான். எதிரணி கொண்டாடுற அக்கிலீஸ் என்ன செஞ்சான்? கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன், தனக்குப் பரிசாக் கிடைச்ச பிரிசெயிஸ்ங்கிற பெண்ணைப் பறிச்சுக்கிட்டான்னு கோபம் வந்தது. நியாயமான கோபம்தான். ஆனா தாயான கடல் தேவதை தெதிஸைக் கூப்பிட்டு, “கிரேக்கர்களைக் கப்பல் வரைக்கும் தள்ளிக் கொல்லச் சொல்லி தெய்வங்களோட ராஜா ஜீயஸ்கிட்ட கேளு”ன்னான். தன் படை சாகணும்னு வரம் கேட்டவன் அவன்! தன் படை செத்துதேன்னு வெட்கப்பட்டவன் இவன்!

சரி, ஓட்டத்துக்கு வர்றேன். அக்கிலீஸ் நெருங்குறான். கொல்லர் தெய்வம் ஹெபஸ்டஸ் ஒரே ராத்திரியில அடிச்சுக் கொடுத்த கவசம். கேடயத்துல அஞ்சு அடுக்கு: ரெண்டு வெண்கலம், ரெண்டு வெள்ளீயம், நடுவுல ஒண்ணு தங்கம். கையில வேற எந்தக் கிரேக்கனாலும் சுழற்ற முடியாத பீலியன் மலை ஈட்டி. உதிக்கிற சூரியன் மாதிரி ஜொலிக்கிறான். அதைப் பார்த்ததும் ஹெக்டருக்கு உடம்பு நடுங்குது. ஓடுறான்.

எப்படி ஓடுறான்னு கவனிங்க, இங்கேதான் விஷயம் இருக்கு. ஒவ்வொரு சுத்துலயும் வாசல் பக்கம் வரும்போது மதிலை ஒட்டிப் பாயப் பார்க்கிறான். எதுக்கு? மதில் மேல அவன் ஆட்கள் இருக்காங்க. அவங்க எறியிற தூரத்துக்குள்ள அக்கிலீஸை இழுத்துட்டா, மேலேர்ந்து அம்பும் ஈட்டியும் விழும். அக்கிலீஸுக்கும் அது தெரியும். அதனால ஊர்ப்பக்கமாவே ஓடி, முன்னால மறிச்சு, வெட்டவெளிப் பக்கம் விரட்டிவிடுறான். அவனோட படை சும்மா நின்னு பார்க்குது. ஏன்னா, “யாரும் எறியாதீங்க, பேர் எனக்குத்தான் வரணும்”னு தலையை ஆட்டிட்டான். ஒரு பக்கம் ஒரு படையே நிக்குது, இன்னொரு பக்கம் ஒத்தை ஆள்.

ஒரு சுத்து. காவல் மேட்டைத் தாண்டி, காத்துல ஆடுற அத்தி மரத்தைத் தாண்டி, வண்டித்தடத்தோட ஓடுறாங்க. ரெண்டு ஊற்று வருது. ஒண்ணுல வெந்நீர், ஆவி பறக்கும். இன்னொண்ணு கோடையிலயும் பனிக்கட்டி மாதிரி சில்லுனு இருக்கும். பக்கத்துல கல்லுல செதுக்கின அகலமான துவைக்கிற தொட்டிகள். சண்டை வர்றதுக்கு முன்னால டிராய் நகரத்துப் பொண்ணுங்க துணி துவைச்ச துறை அது. அந்தத் துறையைத் தாண்டி ஓடுறான்.

ரெண்டாவது சுத்து. கனவுல துரத்துறவனால பிடிக்கவும் முடியாது, ஓடுறவனால தப்பிக்கவும் முடியாதே, அந்த மாதிரின்னு ஹோமர் சொல்றாரு. அக்கிலீஸுக்கு ஹோமர் வெச்ச அடைமொழியே ‘விரைந்த காலினன்’. அவனால பிடிக்க முடியலை! மறுபடியும் அந்தத் துறை.

மூணாவது சுத்து. மறுபடியும் அத்தி மரம், மறுபடியும் அந்தத் துறை.

நாலாவது தடவை ஊற்றுக்கிட்ட வரும்போது ஜீயஸ் பொன் தராசைத் தூக்குறான். ஹெக்டரோட தட்டு சாவுப் பக்கம் இறங்குது. இதுவரைக்கும் காலுக்கு வலு கொடுத்த அப்போலோ தெய்வம் விட்டுட்டுப் போயிடுறான். கிரேக்கர் பக்கம் நின்ன தேவி அதீனா, தம்பி டெய்போபஸ் உருவத்துல வந்து, “அண்ணா, சேர்ந்து நிப்போம்”னு சொல்லி ஏமாத்துறா. ஹெக்டர் நிக்கிறான்.

எதிரணித் தலைவரே, ஓட்டத்தைச் சொன்ன நீங்க, அதுக்கு முந்தின காண்டத்தை ஏன் சொல்லலை? ஸ்கமாண்டர் நதித் தெய்வம் பொங்கி வந்தபோது ஓடினது யாரு? அக்கிலீஸ்! வெள்ளம் பின்னால துரத்த, கரையேறி வெட்டவெளியில ஓடினான். “மழைக்கால ஓடையில் அடித்துப் போகும் பன்றி மேய்க்கும் சிறுவனைப் போலச் சாகிறேனே” என்று வானத்தைப் பார்த்துக் கத்தினான். தெய்வம் எதிர்த்தா மனுஷன் ஓடுவான். அது அக்கிலீஸுக்குக் குறை இல்லைன்னா ஹெக்டருக்கும் குறை இல்லை. அக்கிலீஸைக் காப்பாத்தத் தெய்வங்கள் வந்தாங்க. ஹெக்டருக்கு வந்த தெய்வம் ஏமாத்த வந்தது.

நின்னதுக்கு அப்புறம் என்ன? “யார் செத்தாலும் உடலைச் சொந்தக்காரங்ககிட்ட கொடுத்துடுவோம்”னு ஹெக்டர் கேட்கிறான். “சிங்கத்துக்கும் மனிதனுக்கும் உடன்படிக்கை கிடையாது” என்கிறான் அக்கிலீஸ். ஈட்டியை எறியிறான். ஹெக்டர் குனியிறான், தலைக்கு மேல போயிடுது. அதீனா யாருக்கும் தெரியாம எடுத்து அக்கிலீஸ் கையில திரும்பக் கொடுக்கிறா. அப்போ ஹெக்டர் சொல்றான், புறமுதுகுன்னு சொன்னவங்க காதைக் கொடுத்துக் கேளுங்க: “ஓடுகிறவன் முதுகில் உன் ஈட்டி இறங்காது. எதிரே வருகிறேன், முடிந்தால் மார்பில் இறக்கு!”

அவன் எறிஞ்ச ஈட்டி கேடயத்து நடுவுல பட்டுத் தெறிக்குது. அவனுக்கு யாரும் எடுத்துக் கொடுக்கலை. “டெய்போபஸ், இன்னொரு ஈட்டி!”ன்னு கூப்பிடுறான். திரும்பிப் பார்த்தா தம்பி இல்லை. அந்த நொடியில அவனுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. சாவு நிச்சயம்னு தெரிஞ்சும் வாளை உருவிக்கிட்டு முன்னால பாயிறான். உடம்பு முழுக்க அவன் கொன்ன அக்கிலீஸோட தோழன் பட்ரோக்ளஸ்கிட்ட இருந்து எடுத்த கவசம், அக்கிலீஸோட பழைய கவசம். காறை எலும்பு கழுத்தைச் சந்திக்கிற இடத்துல மட்டும் இடைவெளி. ஈட்டி அங்கே பாஞ்சுது. தொண்டையில, முன்பக்கம்! தமிழ்ல இதுக்குப் பேர் விழுப்புண்.

இப்போ கைதட்டுங்க.

நடுவர் அவர்களே, கிரேக்க வீரன் அஜாக்ஸோட போட்ட சண்டை, கல்லால கிரேக்கர் பாசறை மதில் கதவை உடைச்ச வீரம் எல்லாம் பாக்கி இருக்கு. நான் அதையெல்லாம் விட்டுடறேன். இந்த மனுஷன் போருக்குப் போகுமுன்னாடி குழந்தையைத் தூக்கப் போனான். தலைக்கவசத்துல ஆடுற குதிரைமுடிக் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை அலறிச்சு. கவசத்தைக் கழட்டித் தரையில வெச்சான், அப்புறம் தூக்கி முத்தம் கொடுத்தான். “இவன் அப்பனைவிட மேலானவன் என்று ஊர் சொல்லட்டும்” என்று வேண்டினான். இந்தப் போருக்கே காரணம்னு எல்லாரும் பழி சொன்ன ஹெலன், அவன் சவத்துக்கு முன்னால அழும்போது சொன்னா: “உன் வாயிலிருந்து ஒரு கடுஞ்சொல் நான் கேட்டதில்லை.” அக்கிலீஸ் எடுத்துட்டுப் போன அந்த உடலை மீட்க, 12 நாள் கழிச்சு பிரையம் பத்துத் தாலந்து பொன்னோட போய், தன் பிள்ளைகளைக் கொன்ன அக்கிலீஸோட கையை முத்தமிட்டிருந்தான்.

மறுபடியும் அந்தத் துறைக்கிட்ட வாங்க. பொண்ணுங்க துணி துவைச்ச அந்தத் துறைக்கிட்டதான் ஹெக்டர் நின்னான். கோட்டைக்குள்ள அவன் மனைவி ஆண்ட்ரோமக்கிக்கு ஒண்ணும் தெரியாது. தறியில உட்கார்ந்து செந்நிறத் துணியில பூ நெய்யுறா. பணிப்பெண்களைக் கூப்பிட்டு, “பெரிய அண்டாவை அடுப்பில் ஏத்துங்க. சண்டையிலேர்ந்து வந்ததும் அவர் குளிக்கணும்”னு சொல்றா. மதில் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டு, தறி நாடா கையிலேர்ந்து நழுவி விழுது. எழுந்து ஓடுறா.

தண்ணி அடுப்பில் சூடாகிக்கிட்டே இருக்கு.