உறையைக் கிழிக்காதீர்கள்: தபால்தலை சேகரிப்புக்குத் திரும்பி வந்தவர்கள் கூட்டத்தில் பேசியது

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்தக் கூட்டம் நடக்க ஓடியாடி உழைத்த செயலாளர் அவர்களே, ஆயுள் முழுவதும் அஞ்சல் பணியில் இருந்துவிட்டு இன்று நம் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, சுவரோரமாகச் சட்டகங்களில் கண்காட்சி வைத்திருக்கும் மூத்த உறுப்பினர்களே, புதிதாகச் சேர்ந்தவர்களே, ரொம்ப வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் தொடங்க எனக்கு மனசு வராது. நான் பழைய ஆல்பத்தோடு முதன்முதலாக இந்தக் குழுவுக்கு வந்தபோது என்னிடம் முதலில் பேசியவர் அவர்தான். ஆல்பத்தை வாங்கினார், இடுக்கியால் ஒரு தபால்தலையை எடுத்தார், படத்தைப் பார்க்கவே இல்லை, பின்பக்கத்தைத் திருப்பினார். பசை இருக்கிறதா, தாளுக்குள்ளேயே தெரியும் நீர்க்குறி எப்படி விழுந்திருக்கிறது, தாள் எங்கேயாவது மெலிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் அளவுகோலை வைத்து ஓரத்துப் பற்களை எண்ணச் சொல்லிக் கொடுத்தார். 2 சென்டிமீட்டரில் எத்தனை துளை என்பதுதான் அந்தக் கணக்கு. ஒரே படம், ஒரே நிறம், ஒரே விலை, ஆனால் ஒன்றில் 14, இன்னொன்றில் 12 என்றால் அவை இரண்டு வேறு அச்சீடுகள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். சின்ன வயதில் எத்தனையோ தலைகளைக் கையாண்ட எனக்கு அதுவரை இதைச் சொல்ல ஆளே இருந்ததில்லை. தனி மரம் தோப்பாகாது என்பார்கள். இன்று அந்தப் பழமொழியை அடிக்கடி சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விட்ட பழக்கத்துக்கு நாம் ஏன் திரும்புகிறோம், திரும்பினால் எங்கிருந்து தொடங்குவது, குழந்தைகளை எப்படி உள்ளே கொண்டுவருவது. மூன்றையும் பேசிவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

ஏன் திரும்புகிறோம்? இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கும். படிப்பு, வேலை, குடும்பம் என்று ஆல்பம் பரணுக்குப் போயிருக்கும், வீடு மாற்றும்போது கையில் கிடைத்திருக்கும். சிலருக்கு உடம்பு சரியில்லாத காலம் காரணமாக இருக்கும். அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சிறுவயதிலேயே தபால்தலை சேர்த்தவர். 1921-இல் போலியோ வந்து கால்கள் செயலிழந்து படுக்கையில் கிடந்த காலத்தில் அந்த ஆல்பங்கள்தான் அவருக்குப் பெரிய துணையாக இருந்தன. பிறகு அதிபரானபோதும் விடவில்லை, புதிய தபால்தலைகளின் வடிவமைப்பைத் தானே பார்த்து ஒப்புதல் கொடுத்தார். நாட்டை நடத்துகிறவருக்கே அதற்கு நேரம் கிடைத்தது என்றால், நமக்கு நேரமில்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன்.

எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விட்டுப்போன காலத்தில் நிறைய மாறியிருக்கிறது. அன்று ஹிஞ்ச் என்ற சின்னப் பசைத்தாளை மடித்துத் தலையை ஆல்பத்தில் ஒட்டினோம், இன்று பயன்படுத்தாத தலையில் அதை யாரும் ஒட்டுவதில்லை, பசை கெட்டுவிடும், அதற்கென்று மவுண்ட் என்ற சின்னக் கண்ணாடித்தாள் பை இருக்கிறது. பிவிசி கலந்த மலிவான பிளாஸ்டிக் பக்கங்களில் வைத்திருந்தால் முதல் வேலையாக வெளியே எடுங்கள், அதிலிருந்து கசியும் பொருள் நிறத்தையே தின்றுவிடும். விரலால் தொடாதீர்கள், ஈரமான அறையில் வைக்காதீர்கள். உலகம் முழுவதையும் சேர்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். பறவை, ரயில், ஒரு நாடு, ஒரு காலம், ஏதாவது ஒன்றைப் பிடியுங்கள். தபால்தலைகளைப் பட்டியலிடும் அட்டவணை நூல்கள் எல்லாவற்றையும் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. ஸ்டான்லி கிப்பன்ஸ், ஸ்காட், மிஷல் மூன்றும் குழுவின் அலமாரியில் இருக்கின்றன, செயலாளர் பொறுமையாக எடுத்துக் கொடுப்பார். அவருக்கு இந்த மேடையிலிருந்தே என் நன்றி. அப்புறம் இன்னொன்று: இப்போது வரும், ஈரப்படுத்தாமலே ஒட்டும் ஸ்டிக்கர் வகைத் தலைகளில் பல தண்ணீரில் போட்டால் கழன்று வருவதில்லை. பழைய நினைப்பில் கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து ஊறப்போட்டுவிடாதீர்கள். இந்த ஊறப்போடுகிற விஷயத்துக்குத்தான் நான் வரவேண்டும்.

அதற்கு முன்னால், குழு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உலகின் முதல் தபால்தலையான பென்னி பிளாக், 1840 மே மாதம் பிரிட்டனில் வந்தது. ஒரு தாளில் 240 தலைகள், 20 வரிசை, வரிசைக்கு 12. ஒவ்வொரு தலையின் கீழ்மூலைகளிலும் இரண்டு எழுத்து இருக்கும், தாளில் அது எந்த இடத்தில் இருந்தது என்று அந்த எழுத்தே சொல்லிவிடும். சேகரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உலகெங்கும் சிதறிப்போன தலைகளை எழுத்து எழுத்தாகத் தேடி, எந்தத் தகட்டில் அச்சானது என்று சின்னச் சின்னக் கீறல்களை வைத்துக் கண்டுபிடித்து, முழுத் தாளையும் திரும்பக் கட்டினார்கள். ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்யக்கூடிய வேலையா அது? உன்னிடம் இது இரண்டு இருக்கிறதா, என்னிடம் அது இரண்டு இருக்கிறது என்று கடிதம் எழுதிக் கேட்டுக் கேட்டுச் செய்தது. தனி மரம் தோப்பாகாது.

சரி, இப்போது ஒரு கதை. கேட்டவர்கள் இருப்பீர்கள், மறுபடி கேளுங்கள், அலுக்காத கதை.

1856. தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் கயானா. லண்டனிலிருந்து வரவேண்டிய தபால்தலைகள் வந்து சேரவில்லை. அஞ்சல் அதிகாரி உள்ளூர்ச் செய்தித்தாள் அச்சகத்திடம் போய், வந்து சேரும்வரை சமாளிக்கக் கொஞ்சம் அச்சடித்துக் கொடுங்கள் என்கிறார். அவர்கள் கையில் இருந்த ஒரு கப்பல் படத்தை நடுவில் வைத்து அச்சடித்துத் தருகிறார்கள். அச்சின் தரம் அப்படி, யார் வேண்டுமானாலும் போலி அடித்துவிடலாம். அதனால் விற்கும்போது அஞ்சல் எழுத்தர்கள் ஒவ்வொரு தலையிலும் கையால் தங்கள் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும் என்று உத்தரவு. கடிதத்துக்கு 4 சென்ட் தலை, செய்தித்தாளுக்கு 1 சென்ட் தலை. செய்தித்தாளைப் படித்துவிட்டு எறிவார்கள், அதன் மேல் ஒட்டியிருந்ததும் போய்விடும். அப்படித்தான் அந்த 1 சென்ட் தலைகள், தெரிந்தவரை ஒன்றே ஒன்றைத் தவிர, எல்லாம் போயின.

1873. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், லூயி வாகன் என்று பெயர், உறவினரின் பழைய காகிதங்களைக் குடைகிறான். மெஜந்தா நிறத்தாளில் கறுப்பு மை, நாலு மூலையும் வெட்டப்பட்டு எட்டுமூலையாக ஒரு தலை. அவனிடம் இருந்த அட்டவணையில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. அக்கம்பக்கத்தில் இருந்த மெக்கின்னன் என்ற சேகரிப்பாளரிடம் ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிடுகிறான். பையன் ஏமாந்தான் என்று பேசுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைப்பதில்லை. அவன் எடுத்து வைத்திருக்காவிட்டால் அந்தத் தலையே இன்று கிடையாது.

அங்கிருந்து அது லிவர்பூல் வியாபாரிக்குப் போகிறது, அப்புறம் பாரிஸில் இருந்த பிலிப் ஃபெராரிக்கு. அவர் தன் மொத்தச் சேகரிப்பையும் பெர்லின் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு என்று உயில் எழுதி வைத்துவிட்டு 1917-இல், உலகப்போரின் நடுவில் இறந்துபோகிறார். பிரெஞ்சு அரசு எதிரி நாட்டுச் சொத்து என்று பறிமுதல் செய்து ஏலம் விடுகிறது. 1922-இல் அமெரிக்க ஆலை முதலாளி ஆர்தர் ஹிண்ட் எடுக்கிறார். கைமாறிக் கைமாறி 1980-இல் ஜான் டு பான்ட் என்ற கோடீஸ்வரர் வாங்குகிறார். அவர் பின்னாளில் கொலைக்குற்றத்தில் சிறைக்குப் போய் 2010-இல் அங்கேயே இறந்தார். அந்தக் காலத்தில் பெரும்பாலும் தலை இருட்டுப் பெட்டகத்தில் கிடந்தது. 2014-இல் மறுபடி ஏலம், ஏறத்தாழ 95 லட்சம் டாலர். அப்போது வாங்கியவர் காலணி வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் வைட்ஸ்மன். 2021-இல் அவர் விற்றபோது ஏறத்தாழ 83 லட்சம் டாலருக்கு ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் எடுத்தது. வைத்திருந்தவர்கள் பலர் தலையின் பின்பக்கத்தில் தங்கள் அடையாளத்தைப் பதித்திருக்கிறார்கள். திருப்பினால் அந்தத் தலையின் வாழ்க்கையே அங்கே இருக்கிறது.

கைதட்டியதற்கு நன்றி. ஆனால் நான் கேட்க வந்த கேள்வி வேறு. அந்தத் தலை எந்தச் செய்தித்தாள் மேல் ஒட்டியிருந்தது? யாருக்குப் போனது? அதை வாங்கியவர் கடலோரத்தில் இருந்தாரா, கரும்புத் தோட்டத்திலா? யாருக்கும் தெரியாது. முத்திரையில் டெமராரா என்ற இடத்தின் பெயரும் 1856 ஏப்ரல் 4 என்ற தேதியும் இருப்பதால் அவ்வளவாவது தெரிகிறது. அது ஒட்டப்பட்ட தாள் போய்விட்டது, தாளோடு மீதிக் கதையும் போய்விட்டது. உலகிலேயே விலை உயர்ந்த தபால்தலை தனி மரமாக நிற்கிறது.

இதற்கு நேர்மாறாக ஒன்று. 1847-இல் மொரீஷியஸ் தீவு முதன்முதலாக வெளியிட்ட ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் தலைகள், இரண்டையும் ஒரே கடிதத்தில் ஒட்டி, பிரான்சில் போர்டோ நகரத்து மது வணிகர்களுக்கு யாரோ அனுப்பினார்கள். அந்தக் கடிதம் அப்படியே பிழைத்திருக்கிறது. முகவரி இருக்கிறது, தேதி இருக்கிறது, வழி இருக்கிறது. 1993-இல் சூரிச் ஏலத்தில் வந்தபோது அந்த ஒரே கடிதம் ஏறத்தாழ 40 லட்சம் டாலருக்குப் போனது. அவசரக்காரர் ஒருவர் இரண்டு தலைகளையும் கழற்றி ஆல்பத்தில் ஒட்டியிருந்தால்? இரண்டு அரிய தலைகள் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் சில காலமாக எங்கே பேசக் கூப்பிட்டாலும் இதைத்தான் பேசுகிறேன், இங்கேயும் பேசுகிறேன்: உறையைக் கிழிக்காதீர்கள். தலையை வெட்டி எடுத்துவிட்டு உறையைக் குப்பையில் போடாதீர்கள். 1937-இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்து விழுந்தபோது அதில் 17,000-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருந்தன, சில நூறுதான் தப்பின. ஓரம் கருகிய அந்த உறை ஒன்றிலிருந்து தலையைப் பெயர்த்து எடுத்துப் பாருங்கள், கையில் இருப்பது லட்சக்கணக்கில் அச்சான சாதாரணத் தலை. காலரா பயத்தில் கடிதங்களைக் கீறிப் புகைபோட்டு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது, அந்தக் கீறல் உறையில்தான் இருக்கும். போர்க்காலத்தில் தணிக்கை அதிகாரி பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிய பட்டை உறையில்தான் இருக்கும். தவறான முகவரிக்குப் போய்த் திரும்பி அலைந்த முத்திரைகள் உறையின் பின்பக்கத்தில்தான் இருக்கும். தலை சொல்வது பணம் கட்டியாகிவிட்டது என்பதை மட்டும். மீதி எல்லாவற்றையும் சொல்வது உறை.

உங்கள் வீட்டுக் கடிதங்களுக்கும் இது பொருந்தும். தாத்தா அப்பாவுக்கு எழுதியது, வெளியூர் போன அண்ணன் எழுதியது, அதிலிருந்த தலைகளைத்தான் நாம் சிறுவயதில் முதலில் வெட்டி எடுத்தோம். இன்னும் வெட்டாமல் மிச்சம் இருப்பவற்றையாவது காப்பாற்றுவோம். உறையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். யார் யாருக்கு எழுதியது, அவர்கள் என்ன உறவு என்று தனித்தாளில் எழுதி வையுங்கள், உறையின் மேல் எழுதக்கூடாது, பென்சிலில்கூட வேண்டாம். அமிலம் இல்லாத தாள் உறைக்குள் தட்டையாக வையுங்கள். உள்ளே இருக்கும் கடிதத்தை யாருக்கும் காட்ட வேண்டாம், அது உங்கள் குடும்பத்துக்கு. உறையை மட்டும் குழுவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஏன் குழுவுக்கு? ஒருவர் கையில் இருக்கும்போது அது ஒரு பழைய உறை. பத்துப் பேர் மேசையைச் சுற்றி நின்று பார்த்தால், ஒருவருக்குக் கட்டண விகிதம் தெரியும், ஒருவருக்கு முத்திரை வகை தெரியும், நம் சிறப்பு விருந்தினரைப் போன்ற ஒருவருக்கு அந்தப் பை எந்த ரயிலில் ஏறி எங்கே இறங்கியிருக்கும் என்பதே தெரியும். ஐயா, உங்களைப் போன்றவர்களின் நினைவில் இருப்பது எந்த அட்டவணை நூலிலும் இல்லை, அதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியது இந்தக் குழுவின் கடமை. அமெரிக்காவில் 1918-இல் விமானம் தலைகீழாக அச்சான தாள் ஒன்றை நூறு தலைகளாகப் பிரித்து விற்றார்கள். அதில் நான்கு சேர்ந்த ஒரு தொகுதி 1955-இல் திருடுபோனது. சேகரிப்பாளர்கள் நூறு தலைகளில் ஒவ்வொன்றின் இடத்தையும் அடையாளத்தையும் படத்தோடு பதிவு செய்து வைத்திருந்ததால், பல பத்தாண்டுகள் கழித்துக்கூட அவற்றில் மூன்று கண்டுபிடிக்கப்பட்டன, கடைசியாக ஒன்று 2016-இல். பதிவேடு என்பதன் பலம் அது. தனி மரம் தோப்பாகாது.

குழந்தைகளைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்று மட்டும். அவர்களிடம் விலையைப் பற்றிப் பேசாதீர்கள். இரட்டையாக இருக்கும் தலைகளைக் கை நிறையக் கொடுங்கள், ஒரு பழைய உறையைக் கையில் கொடுத்து இது எங்கிருந்து எங்கே போனது என்று கேளுங்கள். வரைபடத்தை அவர்களே எடுத்துக்கொண்டு வருவார்கள்.

தலைவர் அவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். மாதக் கூட்டத்தில் பரிமாற்றம் தொடங்குவதற்கு முன்னால் அரை மணி நேரத்தை உறைகளுக்கு என்று ஒதுக்க வேண்டும். ஒரு மேசை, நல்ல விளக்கு, ஒரு பதிவேடு போதும். பதிவேட்டை எழுதும் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கிழிக்காத உறை ஒன்றைக் கொண்டுவர வேண்டும், நாடும் காலமும் எதுவானாலும் சரி. இந்தக் கோரிக்கையைத் தலைவர் இங்கேயே மேடையில் ஏற்று அறிவித்தால் மகிழ்வேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.