காலடியில் ஒரு பை

வணக்கம் நேயர்களே. நம்ம வடசென்னையில் ஒரு வீட்டில் யாராவது வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். மொட்டை மாடியில் வடகம் காயும், மாவு மில்லில் குழம்புத்தூள் அரைபடும், எம்.சி. ரோட்டில் பேரப்பிள்ளைக்குத் துணி எடுத்தாகிவிடும், அப்புறம் பெட்டி 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். அத்தனையும் அங்கே காத்திருக்கிற மகளுக்கும் மருமகனுக்கும். போகிற அம்மாவுக்கு? தோளில் ஒரு பை, உள்ளே பாஸ்போர்ட்டும் விபூதிப் பொட்டலமும், அவ்வளவுதான்.

நான் கப்பலில் வேலை பார்த்தவன், ராயபுரத்துக்காரன். கப்பல்காரன் இங்கேயே துறைமுகத்தில் ஏறிவிடுவான் என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல் எந்த நாட்டில் நிற்கிறதோ அங்கே விமானத்தில் போய்த்தான் ஏற வேண்டும், போய் இறங்கினதும் பெரும்பாலும் நேராக வேலைதான். அதனால் எங்களுக்கு விமானத்தில் தூங்குவது ஒரு தொழில் விஷயம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், பெரிய பெட்டியை கவுன்ட்டரில் கொடுத்த பிறகு அதற்கும் நமக்கும் சம்பந்தமில்லை. தலைக்கு மேலே வைக்கிற பையும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஜன்னல் சீட் என்றால் இரண்டு பேரை எழுப்பாமல் அதைத் தொட முடியாது. முன் சீட்டுக்குக் கீழே, காலடியில் கிடக்கிற சின்னப் பை ஒன்றுதான் கைக்கு எட்டும். அதை யோசித்து அடுக்குங்கள்.

முதலில் ஒரு ஈரிழைத் துண்டு. சிரிக்காதீர்கள். சுருட்டி இடுப்புக்குப் பின்னால் வைக்கலாம், கழுத்தில் சுற்றலாம், கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டு தூங்கலாம், சாப்பாடு சிந்தினால் துடைக்கலாம். பர்மா பஜாரில் தொங்குகிற கழுத்துத் தலையணையும் நல்லதுதான், ஆனால் அதன் தடித்த பக்கம் பின்னால் இருந்தால் தலையை முன்னுக்குத் தள்ளும், திருப்பிப் போட்டு மோவாய்க்குக் கீழே கொண்டுவந்து பாருங்கள். காற்று ஊதுகிற ரகம் என்றால் தரையில் இருக்கும்போதே முழுக்க ஊதிவிடாதீர்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குத்தான் இருக்கும், ஏறக்குறைய ஊட்டியில் உட்கார்ந்திருப்பது போல. தலையணை தானாகவே விறைக்கும், சிப்ஸ் பாக்கெட் உப்பும், வயிறும் உப்பும். கோலி சோடா குடித்துவிட்டு ஏறுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே காற்றில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். கடற்காற்றிலேயே வளர்ந்த நமக்கு உதடு வெடிக்கும், மூக்கு எரியும், தொண்டை காயும். சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் போதும். திரவம், பசை எதுவானாலும் கைப்பையில் ஒரு குப்பி 100 மில்லிக்கு மேல் கூடாது என்பதால் பெரிய பாட்டிலை பெட்டியில் போடுங்கள். காலி தண்ணீர் பாட்டில் எடுத்துப் போகலாம், சோதனை முடிந்து உள்ளே போனதும் நிரப்பிக்கொள்ளலாம். குளிரும் இருக்கும், எனவே சால்வை, கொஞ்சம் தளர்வான சாக்ஸ். இறுக்கமான ஷூ வேண்டாம், மணிக்கணக்கில் தொங்கப்போட்டால் கால் வீங்கும். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிற ஆபத்து கூடுகிறது, ஆகவே அவ்வப்போது எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஏற்கெனவே ரத்தம் உறைந்த தொந்தரவு இருந்தவர்கள் டாக்டரைக் கேட்டு அதற்கான இறுக்கமான நீள சாக்ஸ் வாங்குங்கள்.

மாத்திரை எல்லாம் காலடிப் பையில்தான், அட்டையோடு, டாக்டர் சீட்டோடு. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது, கீழே சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் வீணாகிவிடும். பவர் பேங்க்கும் கையில்தான் இருக்க வேண்டும், அதிலிருக்கிற லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் ஆள் இருக்கிற இடத்தில்தான் அணைக்க முடியும். சில நேரம் மேலே இடமில்லை என்று வாசலிலேயே உங்கள் கைப்பெட்டியை வாங்கிக் கீழே அனுப்பிவிடுவார்கள். பின்னால் வரிசை நிற்கும், அவசரத்தில் மாத்திரையும் பவர் பேங்க்கும் அதோடு போய்விடும். தனிப் பை வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

சாப்பாடு. டிக்கெட்டில் 'ஹிந்து மீல்' என்று போட்டால் சைவம் வரும் என்று நம்பாதீர்கள், அதில் மாட்டிறைச்சி இருக்காது, ஆனால் கோழியோ ஆட்டுக்கறியோ வரலாம். சைவக்காரர்கள் 'ஏசியன் வெஜிடேரியன்' என்று பார்த்து, பொதுவாக 24 மணி நேரம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கையில் எடுத்துப் போக, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை, ஒழுகாது, நாறாது. தயிர்சாதமும் ஊறுகாயும் சோதனையில் தகராறு. காசிமேட்டுக் கருவாட்டைக் கையில் கொண்டு போகிறவர்களுக்கு என்ன சொல்ல, பக்கத்து சீட்டுக்காரர் பாவம். மிச்சத்தை இறங்குவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள், ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் உணவுப் பொருள் எதுவானாலும் சொல்லாமல் கொண்டுபோனால் அபராதம்தான்.

வளைகுடா போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கசகசா ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் தடை செய்த பொருள், அபின் செடியின் விதை என்பதால் சிறைக்கே போகலாம். குருமாவுக்கென்று வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்று அரைத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு பேனா, போகிற வீட்டின் முகவரியும் போன் நம்பரும் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாள். இமிக்ரேஷனில் கேட்கும்போது போனில் சார்ஜ் இருக்காது.

விம்கோ நகரிலிருந்து வண்ணாரப்பேட்டை வழியாக மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது. ஆனால் நம்ம வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவுக்கு மேல்தான் கிளம்பும், மெட்ரோவோ இரவு 11 மணியோடு முடிந்துவிடும், அதனால் ஒன்பது மணி வண்டியிலேயே ஏறிவிடுங்கள். வழியனுப்ப வருகிறவர்கள் திரும்பி வரவும் வண்டி வேண்டுமே. நன்றி, வணக்கம்.