ரூம்மேட்டிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது எப்படி?

[திரையில்: காலாப்பட்டு, லாஸ்பேட்டை, கடலூர், சிதம்பரம் கல்லூரி வாசல்கள்]

"செத்துடலாம்போல இருக்குடா." அரியர் விழுந்தாலும் சொல்வார்கள், மெஸ் சாம்பாரைப் பார்த்தும் சொல்வார்கள். எது வெறும் பேச்சு, எது உண்மையான எண்ணம் என்பது முகத்தைப் பார்த்துத் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

இதைப் பார்க்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், வீடியோவை நிறுத்திவிட்டு அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு அழையுங்கள். 24 மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழில் பேசலாம்.

எப்போது கேட்க வேண்டும்? இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, மெஸ்ஸுக்கு வருவதில்லை, கிளாஸுக்கும் போவதில்லை என்றால் கேளுங்கள். பிடித்த பொருளை எடுத்துக் கொடுப்பது, எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பது, வாரக்கணக்கில் உடைந்து கிடந்தவர் காரணமே இல்லாமல் திடீரென்று அமைதியாவது, இவற்றைப் பார்த்தால் அன்றே கேளுங்கள். கூடவே குடியும் இருந்தால் ஆபத்து கூடும். போதை தயக்கத்தைக் குறைத்துவிடும். புதுச்சேரியில் இதைத் தனியாகச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கேட்கும் விதம் முக்கியம். தனியாக, போனை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து:

"மச்சான், ரெண்டு வாரமா நீ சரியா தூங்கலை. ரொம்பக் கஷ்டமா இருந்தா சில பேருக்குச் செத்துடலாம்னு தோணும். உனக்குத் தோணுதா?"

"லூசு மாதிரி எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நீங்களே கேள்விக்குள் வைத்துவிட்டீர்கள். நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

கேட்டபின் வாயை மூடிக்கொண்டிருங்கள். "அம்மாவை நினைச்சுப் பாரு" என்பதுதான் நம்மூரில் முதலில் வரும் அறிவுரை. 'நான் எல்லாருக்கும் பாரம்' என்று ஏற்கெனவே நம்புகிறவருக்கு அது குற்ற உணர்ச்சியை இன்னும் ஏற்றும்.

"ஆமா" என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா, முன்பு முயன்றதுண்டா என்று கேளுங்கள். இதில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆமா' வந்தாலும் நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். ஆபத்தான பொருள்களை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த வேகம் பல பேருக்கு நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணியும். அதுவரை தள்ளிப்போடுவதே வேலை. "யார்கிட்டயும் சொல்லாத" என்றால், "நம்ம பேச்ச ஊருக்குச் சொல்ல மாட்டேன், ஆனா உதவி பண்ற ஆள்கிட்ட சொல்லுவேன்" என்று சொல்லுங்கள்.

14416-ஐ ஸ்பீக்கரில் போட்டு இருவரும் சேர்ந்து பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108. புதுச்சேரியில் ஜிப்மர் அவசரப் பிரிவு, கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் பக்கம் அண்ணாமலைநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து தாமதிக்க வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது.

வார்டன்களுக்கு ஒன்று: பிரச்சினை வேண்டாமென்று பையனை ராத்திரி பஸ்ஸில் தனியாக ஊருக்கு ஏற்றிவிடாதீர்கள். வீட்டார் வந்து கையோடு அழைத்துப்போகும்வரை ஓர் ஆள் கூடவே இருக்கட்டும்.

மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தால், மனம் தேற இரண்டு முதல் ஆறு வாரம்வரை ஆகலாம். சிலருக்கு மனம் தேறுவதற்கு முன்பே உடலில் சுறுசுறுப்பு திரும்பும்; அப்போது ஆபத்து கூடலாம். 25 வயதுக்குட்பட்டவர்களை முதல் சில வாரம் நெருக்கமாகக் கவனிக்கச் சொல்வது இதனாலும்தான். "வேலை செய்யல" என்று பாதியில் நிறுத்துவதும், "சரியாயிட்டேன்" என்று நிறுத்துவதும் ஒரே தவறு. நிறுத்துவதென்றால் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாக.

[திரையில்: 14416]

100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் படிக்கும் இடத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது வேண்டும், உதவி எண்கள் ஹாஸ்டலிலும் வகுப்பறையிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. உங்கள் ஹாஸ்டல் சுவரில் இந்த எண் இல்லையென்றால், அந்த வழிகாட்டுதலைச் சொல்லி கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள்.