43 விநாடிக் கோளாறு, 24 மணி நேர அவதி: சர்வர் தன்னைத் தானே சரிசெய்யலாமா?

[திரையில்: கறுப்புப் பின்னணியில் 43, 42, 41 என எண்கள் இறங்குகின்றன]

நெட்வொர்க் அறுந்தது வெறும் 43 விநாடி. நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் முழுதாகத் தேறி எழ ஆனது 24 மணி 11 நிமிடம். இத்தனைக்கும் யாரும் உள்ளே புகுந்து எதையும் கெடுக்கவில்லை. கோளாறு வந்தால் ஆளை எழுப்பாதே, நீயே பார்த்துக்கொள் என்று அவர்கள் நம்பி வைத்திருந்த நிரல் ஒன்று, சொன்னதைச் சொன்னபடி செய்தது. எப்படி என்று பிற்பாடு சொல்கிறேன். அதுவரை ஓட்டிவிட்டுப் பார்க்காதீர்கள், நடுவில் ஒரு ஆந்தை வருகிறது.

[திரையில்: தொகுப்பாளர். பின்னால் சன்னல் வழியே செம்பனை மரங்கள்]

வணக்கம் மக்களே, பசியாறிவிட்டீர்களா? சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது நிஜச் செம்பனைதான், பச்சைத் திரை போட்டு ஒட்டியதில்லை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருக்கும் சர்வர்களை வீட்டில் உட்கார்ந்தபடியே கவனிக்கிறார்கள். தாத்தா விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்குக்கு, எழுந்த அதே வீட்டில், பேரன் ராத்திரி மூன்று மணிக்கு அலர்ட்டுக்கு எழுகிறான். அந்த அலர்ட்டுக்கு மனிதன் எழுந்துதான் ஆகவேண்டுமா? ஒரு ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் சின்ன நிரல், எழுந்தால் போதாதா? இன்றைய காணொளி அதைப் பற்றித்தான்.

சர்வரைக் கண்காணிக்கும் மென்பொருள்களின் வரலாறு ஒரே மூச்சில். 1999இல் நெட்செயிண்ட் என்ற பெயரில் வந்தது, பிறகு நாகியோஸ் ஆனது. 2001இல் ஸாபிக்ஸ். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் ப்ரோமிதியஸ் பிறந்தது. எல்லாமே சர்வரைப் பார்த்துக்கொண்டே இருக்கும், எல்லை தாண்டினால் கத்தும். முடிந்தது வரலாறு.

கத்தும்போது ஆளுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) செய்தி அனுப்புவதற்குப் பதிலாக, அல்லது அதற்கு முன்னால், ஒரு ஸ்கிரிப்டை ஓட்டச் சொல்லலாம். நாகியோஸில் இதற்குப் பெயர் ஈவென்ட் ஹேண்ட்லர். ஸாபிக்ஸில் ரிமோட் கமாண்ட். ப்ரோமிதியஸில் அலர்ட்டுகளை அனுப்பும் அலர்ட்மேனேஜர் ஒரு வெப்ஹுக்கை, அதாவது செய்தி வாங்கும் ஓர் இணைய முகவரியை, தட்டும், அந்தப் பக்கம் உங்கள் ஸ்கிரிப்ட் காத்திருக்கும். வெப் சர்வர் விழுந்தால் அதை ரீஸ்டார்ட் செய் என்று நான்கு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். யூடியூபில் இருக்கும் பாதி வீடியோக்கள் இங்கேயே நன்றி வணக்கம் சொல்லிவிடுகின்றன. என்னைக் கேட்டால் அந்த நான்கு வரி ஒரு விஷயமே இல்லை. அதை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது.

நாகியோஸ் இதை ஆரம்பத்திலேயே புரிந்துவைத்திருந்தது. ஒரு சோதனை தோற்ற உடனே அது நம்பிவிடாது. முதலில் 'சாஃப்ட்' நிலை, அதாவது சந்தேகம். திரும்பத் திரும்பப் பார்த்து, குறித்த எண்ணிக்கை வரை தோற்றால்தான் 'ஹார்ட்' நிலை, அதாவது உறுதி. அப்போதுதான் ஆளுக்கு அறிவிப்பு போகும். அவர்களின் கையேட்டில் இருக்கும் உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான்காவது தோல்வியில் ஆளை எழுப்பு என்று வைத்துவிட்டு, மூன்றாவது தோல்வியிலேயே ஸ்கிரிப்டை ஓட்டி வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்கிறார்கள். அது பலித்தால் நான்காவது சோதனை தேறிவிடும், யாரும் எழ வேண்டியதில்லை. பலிக்காவிட்டால் உங்கள் கைப்பேசி அலறும். ஆளை எழுப்புவதற்குச் சற்று முன்னால் ஒரு வாய்ப்பு கொடுக்கிறார்கள், 'ஹார்ட்' ஆன பிறகு கடைசியாக இன்னொரு முறை முயல்கிறார்கள். அழகான கணக்கு.

[திரையில்: தோட்டத்தில் கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி]

சரி, ஆந்தைக்கு வருவோம். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெட்டி தெரியும். ஆந்தை கத்தினால் ஆகாது என்று பாட்டி கதவைச் சாத்துவார். தோட்ட நிர்வாகமோ அதே ஆந்தைக்கு வீடு கட்டிக் கொடுத்து வரவேற்கும். காரணம் எலி. செம்பனைப் பழத்தை எலி கொறித்துத் தள்ளும், கூகை எலியைத் தின்னும். பெட்டி வைத்ததோடு சரி, அதற்குப் பிறகு யாரும் அதற்கு வேலை சொல்வதில்லை. ராத்திரி ஷிப்ட், லீவு கிடையாது, சம்பளம் கிடையாது.

ஆந்தை மட்டும் போதாத இடத்தில் விஷம் வைப்பார்கள். கவனியுங்கள், எலியைப் பார்த்த உடனே வைப்பதில்லை. ஆட்கள் மரங்களைச் சுற்றிப் பார்த்துப் புதிய கடியை எண்ணுவார்கள். பொதுவாகப் பின்பற்றும் அளவு 5 சதவீத மரங்கள். அதைத் தாண்டினால் மரத்துக்கு ஒரு விஷக் கட்டி. சில நாள் கழித்து மறுபடி சுற்றி, எலி எடுத்துப்போன கட்டிகளுக்கு மட்டும் மாற்றுக் கட்டி. எடுத்துப்போவது 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுவார்கள். ஆரம்பிக்க ஓர் எண், நிறுத்த வேறோர் எண், நடுவில் காத்திருப்பு. சர்வர் உலகில் இதை ஒரு பெரிய தத்துவம் மாதிரி ஸ்லைடு போட்டு விளக்குகிறார்கள், தோட்டத்தில் இதை ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வைத்துச் செய்கிறார்கள்.

அந்தக் காத்திருப்பு ஏன்? இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் அந்த வகை விஷத்துக்குச் சில நாள் தேவை. வைத்த மறுநாளே எண்ணினால் கடி அப்படியேதான் இருக்கும். விஷம் வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் கொட்டுவீர்கள். இதே கூத்துதான் சர்வரில் நடக்கிறது. ஒரு ஜாவா அப்ளிகேஷன் எழுந்து நிற்க மூன்று நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சோதனை நிமிடத்துக்கு ஒருமுறை. ஸ்கிரிப்ட் ரீஸ்டார்ட் செய்கிறது, ஒரு நிமிடத்தில் சோதனை 'இன்னும் விழுந்தே கிடக்கிறது' என்கிறது, ஸ்கிரிப்ட் மறுபடி ரீஸ்டார்ட் செய்கிறது. பாவம் அந்த அப்ளிகேஷன், விடிய விடிய எழ எழத் தலையில் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு இதுதான் உச்சம். வார்ஃபரின் என்ற பழைய விஷத்தை எலிகள் தாங்கப் பழகியதும், புரோடிஃபாக்கம் போன்ற கடுமையான இரண்டாம் தலைமுறை விஷங்கள் வந்தன. எலி செத்தது. அந்த எலியைத் தின்ற ஆந்தையும் செத்தது! எலிக்கு எதிராக வைத்த இரண்டு ஏற்பாடுகளில் ஒன்று மற்றொன்றைத் தீர்த்துக்கட்டியது. இப்போது உங்கள் சர்வரைப் பாருங்கள். லினக்ஸில் சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் நிரல்களை, நிர்வகிக்கும் சிஸ்டம்டி ஒரு பக்கம் சர்வீஸைத் தானாக எழுப்புகிறது, நாகியோஸ் ஸ்கிரிப்ட் இன்னொரு பக்கம் எழுப்புகிறது, எவனோ எப்போதோ எழுதிய கிரான் வேலை, அதாவது நேரம் குறித்து ஓடும் வேலை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப்பார்க்கிறது. மூன்றில் ஒன்றுக்குக்கூட மற்ற இரண்டும் இருப்பது தெரியாது. எந்த சர்வீஸுக்கு எது பொறுப்பு என்று முடிவு செய்து, மற்றதைக் கழற்றிவிடுங்கள். ஆந்தை பிழைக்கும்.

[திரையில்: சிவப்பு அலர்ட், பிறகு பச்சை]

சிஸ்டம்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அதில் நிறுத்தும் எண் முன்னாலேயே போட்டுத்தான் வருகிறது: 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்கப் பார்த்தால், போதும் என்று கைவிட்டுவிடும். உங்கள் சொந்த ஸ்கிரிப்டிலும் அப்படி ஒரு எண் இருக்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் மூன்றாவது முறை ஓட வேண்டி வந்தால் ஓடாமல் ஆளை எழுப்பட்டும். எழுப்பவில்லை என்றால் என்ன ஆகும்? மெமரியை மெல்ல மெல்லத் தின்னும் ஒரு நிரலை ஸ்கிரிப்ட் தினமும் ஓசையில்லாமல் எழுப்பிவிட்டுக்கொண்டே இருக்கும், நோய் இருப்பதே யாருக்கும் தெரியாது. அதனால் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் லாகையும் (நடந்ததை எழுதிவைக்கும் பதிவு) மெமரி நிலவரத்தையும் ஒரு கோப்பில் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். எழுப்பிய பிறகு தடயம் போய்விடும்.

ப்ரோமிதியஸ் ஆட்களுக்கு ஒரு கண்ணி. அலர்ட்மேனேஜரின் வெப்ஹுக், பிரச்சினை வந்தபோது மட்டுமா தட்டுகிறது? தீர்ந்தபோதும் தட்டும், நீங்கள் அணைக்காதவரை. உள்ளே வரும் செய்தியில் நிலை என்னவென்று படிக்காமல் ஓடுகிற ஸ்கிரிப்ட், 'சரியாகிவிட்டது' என்ற நல்ல சேதியைக் கேட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும். சிரிக்காதீர்கள், முதலில் போய் உங்கள் ஸ்கிரிப்டைத் திறந்து பாருங்கள்.

டிஸ்க் நிரம்பும் அலர்ட்டுக்குப் பழைய லாக் கோப்பை அழிப்பது எல்லோரும் முதலில் எழுதும் ஸ்கிரிப்ட். லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நீங்கள் அழித்தால், பெயர் போகும், இடம் திரும்பாது. அந்த நிரல் அதை மூடும் வரை டிஸ்க் 98 சதவீதத்திலேயே நிற்கும். அலர்ட் அடங்காது, ஸ்கிரிப்ட் மறுபடி ஓடும், அடுத்த கோப்பை அழிக்கும். கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்தால் இந்த வம்பு இல்லை.

[திரையில்: அமெரிக்க வரைபடம், இரு கரைகளுக்கும் நடுவே ஒரு கோடு அறுகிறது]

இப்போது அந்த 43 விநாடி. 2018 அக்டோபர் 22, நம் நேரப்படி காலை 6:52. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பழுதான ஒரு ஆப்டிகல் கருவியை மாற்றும்போது, கிட்ஹப்பின் நெட்வொர்க் மையத்துக்கும் முதன்மை டேட்டா சென்டருக்கும் நடுவே இணைப்பு போனது. அவர்களிடம் ஆர்கெஸ்ட்ரேட்டர் என்ற கருவி இருந்தது. முதன்மை டேட்டாபேஸ் காணவில்லை என்றால் வேறொன்றை முதன்மையாக ஏற்றிவிடுவது அதன் வேலை. ஏற்றியது, மேற்குக் கரையில் இருந்த ஒன்றை. 43 விநாடியில் இணைப்பு திரும்பியபோது, கிழக்கில் எழுதப்பட்டு மேற்குக்குப் போய்ச்சேராத தகவல்கள் ஒரு பக்கம், மேற்கில் புதிதாக எழுதத் தொடங்கியவை இன்னொரு பக்கம். பரபரப்பான ஒரு கிளஸ்டரில் (டேட்டாபேஸ் சர்வர்களின் கூட்டம்) மட்டும் அப்படி மாட்டிக்கொண்டவை 954. போதாக்குறைக்குக் கிழக்கில் இருந்த அப்ளிகேஷன்கள் ஒவ்வொரு தகவலை எழுதவும் கண்டத்தைக் கடந்து போய்வர வேண்டியிருந்தது. வேகத்தைவிடத் தகவல்தான் முக்கியம் என்று முடிவெடுத்து, பேக்கப்பிலிருந்து மீட்டு, வரிசையில் தேங்கியதை எல்லாம் தீர்க்க ஒரு நாள் ஓடிவிட்டது. ஆர்கெஸ்ட்ரேட்டர் அமைத்தபடியேதான் நடந்தது என்று அவர்களே எழுதினார்கள். பிறகு செய்த திருத்தம் என்ன தெரியுமா? கரை தாண்டி முதன்மையை மாற்றக்கூடாது என்று அதற்கு ஒரு வேலி போட்டார்கள்.

என் கட்சியும் அதுதான். செத்துப்போன வெப் சர்வரை எழுப்புவது, வரிசையில் சிக்கிய வேலையைத் தள்ளுவது, இதெல்லாம் ஸ்கிரிப்ட் செய்யட்டும். திருப்பி எடுக்க முடியாத காரியம் எதுவானாலும், டேட்டாபேஸை மாற்றுவதோ, எதையாவது அழிப்பதோ, ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் தயார் செய்து வைத்துவிட்டு ஒரு மனிதனிடம் 'செய்யட்டுமா' என்று கேட்கட்டும். அதற்கு நீங்கள் எழுந்திருக்கலாம், தப்பில்லை.

பாதுகாப்பு, ஒரு நிமிடம். ஸ்கிரிப்டை எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக ஓட்டாதீர்கள், ஒரே ஒரு கட்டளைக்கு மட்டும் சூடோவில், அதாவது அதிகாரத்தைக் கடன் கொடுக்கும் கருவியில், அனுமதி கொடுங்கள். அலர்ட்டில் வரும் எழுத்துகளை கட்டளைகளை இயக்கும் ஷெல்லுக்குள் அப்படியே போடாதீர்கள், அதற்குள் யாராவது ஒரு கட்டளையை ஒளித்து அனுப்பலாம். சர்வரில் உட்கார்ந்திருக்கும் ஸாபிக்ஸ் ஏஜென்ட்டில் இந்த ரிமோட் கட்டளை வசதி பூட்டித்தான் வருகிறது. அதை முழுதாகத் திறந்துவிடச் சொல்லும் டுட்டோரியலைப் பார்த்தால் ஓடிவிடுங்கள்.

இன்று ஆரம்பிக்க ஆசையா? ஸ்கிரிப்டை எழுதுங்கள், ஆனால் இரண்டு வாரம் எதையும் செய்யவிடாதீர்கள். 'இந்நேரம் இதை ரீஸ்டார்ட் செய்திருப்பேன்' என்று டெலிகிராமில் ஒரு வரி போட்டால் போதும். அந்த வரிகளை, நீங்கள் நிஜமாகவே செய்ததோடு ஒத்துப்பாருங்கள். எத்தனை முறை தானாகவே சரியாகியிருந்தது, எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்திருந்தால் விபரீதமாகியிருக்கும் என்று தெரிந்துவிடும். ஒத்துப்போகும் அலர்ட்டை மட்டும் ஒன்றொன்றாக நிஜமாகத் திறந்துவிடுங்கள்.

உங்கள் தூக்கத்தை அதிகம் கெடுக்கும் அலர்ட் எது? கீழே எழுதுங்கள். அதிகம் பேர் சொல்வதை எடுத்து, அடுத்த வீடியோவில் திரையிலேயே ஸ்கிரிப்ட் எழுதிக் காட்டுகிறேன். ஆந்தைப் பெட்டி பக்கத்தில் இருப்பவர்கள் படம் எடுத்து அனுப்புங்கள், அதையும் போடுகிறேன்.