மண்டபத்துச் சாவி

எல்லாருக்கும் மாலை வணக்கம். மேடையில் இருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, வேறு மூன்று நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு வந்திருப்பதாக அறிவிப்பாளர் சொன்ன டத்தோ அவர்களே, மண்டப நிர்வாகக் குழுத் தலைவர் ஐயா அவர்களே (ஐயாவிடம் இன்றைக்கு எனக்கு ஒரு வேலை இருக்கிறது, சாப்பிட்டவுடன் கிளம்பிவிட வேண்டாம்), மகளிர் பிரிவுத் தலைவி அக்கா அவர்களே, மைக்கைச் சரிசெய்து கொடுத்த தம்பி, பின்வரிசையில் மீகூன் தட்டோடு உட்கார்ந்திருக்கும் நம் பிறை வட்டார மக்களே. யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும். போன வருஷம் ஒருவரை விட்டுவிட்டேன், அவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஜிம்முக்குப் போவதை விடாமல் தொடர்வது எப்படி என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். துணை, தூரம், சாப்பாடு. அதற்கு முன்னால் என் பழமொழி: எறும்பு ஊரக் கல்லும் தேயும். சிரிக்காதீர்கள், பொங்கல் விழாவிலும் இதைத்தான் சொன்னேன், அடுத்த வருஷமும் இதைத்தான் சொல்வேன்.

எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்று டாக்டர் சொன்ன வருஷம், ஜனவரி முதல் வாரத்திலேயே பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவில், ஒரு பெரிய ஜிம்மில் சேர்ந்தேன். பன்னிரண்டு மாத ஒப்பந்தம், பணம் மாதாமாதம் வங்கியிலிருந்து தானாகவே போய்விடும். புது சப்பாத்து, புது துண்டு, தண்ணீர் போத்தல், எல்லாம் வாங்கியாயிற்று. முதல் வாரம் ஐந்து நாள் போனேன். அங்கிருந்த பயிற்சியாளர் தம்பி "அங்கிள், மெதுவா, மெதுவா" என்றார், நான் கேட்டால்தானே. இரண்டாவது வாரம் மூன்று நாள். அதற்குள் தைப்பூசம் வந்துவிட்டது. தண்ணீர்மலைக்குப் போனோம், வீட்டுக்காரிக்குப் பால்குடம் நேர்த்தி. மேலே கோயிலுக்கு 513 படி. ஜிம்முக்குப் போகிற ஆள் அல்லவா நான், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முன்னால் ஏறினேன். நூறு படிகூட இருக்காது, தொடை இரண்டும் நடுங்கி ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரி தலையில் பால்குடத்தோடு என்னைத் தாண்டிப் போகிறாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்த ஒரு பாட்டி, எழுபது வயதுக்குக் குறையாது, "தம்பி, மோர் குடிக்கிறியா?" என்று கேட்டார். குடித்தேன். மானம் போனாலும் மோர் நன்றாக இருந்தது.

வீட்டுக்காரி ஜிம் வாசலையே மிதித்தவள் இல்லை. புக்கிட் மெர்தாஜாம் செரோக் தோக்குன் மலையடிவாரத்தில், அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேரோடு காலையில் நடப்பாள், அவ்வளவுதான். எப்படி விடாமல் போகிறாய் என்று அன்றைக்கு ராத்திரி கேட்டேன். "நான் எங்க போறேன், அவங்க வந்து கதவைத் தட்டுறாங்க" என்றாள். என் ஜிம்மில் என்னை விடாமல் தேடியது பணம் எடுக்கிற கம்ப்யூட்டர் ஒன்றுதான். அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய நான் எழுதிய கடிதங்கள் தனிக் கதை, அதை இன்னொரு மேடைக்கு வைத்துக்கொள்கிறேன்.

சரி, தூரத்துக்கு வருவோம். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். வேலை முடிந்த நேரத்து நெரிசலில் அதைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பேரின் வைராக்கியம் கரைந்துவிடும். பழக்கமாகும் வரை எத்தனை நாள் இப்படித் தாண்ட வேண்டும்? லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்து, 2009-இல் ஆய்வை வெளியிட்டார்கள். புதிதாகத் தொடங்கிய காரியம் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக ஆவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்ததாம். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரைகூட ஆகலாம் என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் விட்டதற்காக "எல்லாம் போச்சு" என்று மொத்தமாகக் கைவிடுகிறோமே, அதுதான் நம் வியாதி. எறும்பு ஊரக் கல்லும் தேயும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எறும்பு பக்கத்துக் கல்லில்தான் ஊரும். பாலம் ஏறி, டோல் கட்டி, தீவுக்குப் போய் ஊருகிற எறும்பை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

நடந்தால் போதாதா என்று கேட்பீர்கள். வாரத்துக்கு 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைகளுக்குத் தனியாக வேலை கொடுக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாம் சாப்பிடும் சர்க்கரையை இழுத்துக்கொள்வதில் பெரிய பங்கு தசைக்குத்தான். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. இந்த வரிசைகளிலேயே எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் மகளிர் பிரிவு கோபித்துக்கொள்ளும்.

இப்போது தலைவர் ஐயா. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபம் சனி, ஞாயிறு கல்யாணத்துக்குத் திறக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டு. அந்த ஐந்து நாளும் மாலை இரண்டு மணி நேரம் திறந்துவிட வேண்டும். தரையில் ரப்பர் விரிப்பு, பத்து ஜோடி டம்பெல், இரண்டு பெஞ்ச், செவ்வாயும் வியாழனும் பெண்களுக்கு மட்டும். மார்பிள் தரை கீறிவிடும் என்கிறீர்கள், அதற்குத்தான் ஐயா ரப்பர் விரிப்பு. கரண்ட் பில் யார் கட்டுவது என்கிறீர்கள். வருகிறவர் ஆளுக்கு ஒரு ரிங்கிட் உண்டியலில் போடட்டும். டத்தோ அவர்கள் விரிப்புக்கு உதவுவார் என்று நினைக்கிறேன், அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை, இப்போதுதான் கேட்கிறேன்.

மூன்றாவது விஷயம் சாப்பாடு. தம்பி துண்டுச் சீட்டு கொடுத்துவிட்டார், நேரம் முடிந்ததாம். எப்படியும் வெளியே பலகாரத்தை அடுக்கிவிட்டார்கள், இப்போது சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. தே தாரிக் கலக்குகிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மண்டபம் திறக்க வேண்டும் என்பவர்கள் பெயரும் கையெழுத்தும் போடுங்கள். எந்தெந்த மாலையில் வருவீர்கள், வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்பதையும் எழுதுங்கள். நோட்டில் கட்டியிருக்கிற பேனாவை அவிழ்த்துக்கொண்டு போய்விடாதீர்கள்.