டீச்சர் வாங்கிய வெள்ளைப் பட்டுத் தொப்பி

வணக்கம் நேயர்களே. ஒரு டீச்சர் தன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், மோஹாக் ஆற்றங்கரையில் கனஜோஹரி என்று ஒரு சின்ன ஊர். 1846-இல் அங்கிருந்த அகாடமியில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை ஆசிரியையாக வந்தார் 26 வயதுப் பெண் ஒருவர். பெயர் சூசன் பி. ஆன்டனி. ஆமாம், பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலத்தில், 1872-இல் ஓட்டுப் போட்டதற்காகக் கைதாகி, 100 டாலர் அபராதத்தைக் கடைசிவரை கட்டமாட்டேன் என்று நின்றாரே, அவரேதான். அவருடைய படங்களைப் பார்த்தால் சிரிப்பே தெரியாத முகம். அதனாலேயே இந்தக் கடிதங்களைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகிவிட்டது, ஏனென்றால் பாதிக் கடிதம் துணிமணிதான்!

ஒரு குளிர்காலத்தில் என்னென்ன வாங்கினேன் என்று எழுதுகிறார். இருபது டாலருக்கு மேல் கொடுத்து ஒரு சால்வை. கையைக் குளிருக்கு நுழைத்துக்கொள்ள நரித்தோலில் ஒரு உறை, அது 8 டாலர். ஐந்தரை டாலருக்கு வெள்ளைப் பட்டில் ஒரு தொப்பி, அதைப் போட்டுக்கொண்டு போனால் ஊரே வெறித்துப் பார்க்கிறதாம். அப்புறம் கெஜம் 2 டாலர் என்று மெரினோ கம்பளித் துணி எடுத்து, அடர் ஊதா நிறத்தில் ஒரு கவுன். இவ்வளவையும் சொல்லிவிட்டு, கல்யாணமான அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரு குத்து: உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதே, இப்படி நல்ல துணி போட்டுக்கொள்ள முடியவில்லையே என்று வருத்தமாக இல்லையா?

விளையாட்டுப் பேச்சுதான். ஆனால் அந்தக் கெஜக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். இந்த வேலைக்கு முன்னால் அவர் வேலை பார்த்த பள்ளிகளில் வாரச் சம்பளமே இரண்டு, இரண்டரை டாலர்தான், அதே வேலைக்கு ஆண் வாத்தியாருக்கு நாலு மடங்கு. அந்தக் காசும் அவர் கையில் நிற்காது. 1837-இல் அமெரிக்காவில் வியாபாரம் படுத்தபோது அப்பாவின் பஞ்சாலையும் படுத்துவிட்டது. கடனுக்காக வீட்டுச் சாமான்களை ஏலத்துக்குப் பட்டியல் போட்டவர்கள் அப்பா அம்மாவின் மூக்குக்கண்ணாடி, பெண்களின் உள்ளாடை, பையன்களின் பேனாக்கத்தி என்று ஒன்றையும் விடவில்லை. தாய்மாமா ஜோஷுவா ரீட் ஏலத்தில் முக்கியமானதையெல்லாம் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு பல வருடம் சூசனின் சம்பளம் அப்பாவின் கடனுக்குப் போனது. கனஜோஹரிக்கு வந்தபிறகுதான் சம்பாதித்த பணம் தனக்கென்று மிஞ்சியது. முதல் சம்பளத்தில் தனக்காக ஒரு புடவை எடுத்தவர்களுக்கு அந்தத் தொப்பியின் அருமை தெரியும்.

சரி, கல்யாணமானவர்களுக்கு ஏன் முடியாது? அன்றைய சட்டப்படி மனைவி சம்பாதித்தாலும் அது கணவனுடைய பணம். 1848-இல் நியூயார்க்கில் மனைவியின் சொத்துக்கு ஒரு சட்டம் வந்தது, ஆனால் உழைத்துப் பெறும் கூலி அவளுக்கே என்று ஆக 1860 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தபால் செலவும் கொஞ்சம் முன்புதான் குறைந்திருந்தது. 1845 வரை காகிதத்தின் எண்ணிக்கைக்குக் காசு. அந்த வருடத்திலிருந்து 300 மைலுக்குள் அரை அவுன்ஸுக்கு 5 சென்ட். பெற்றோர் அதே மாநிலத்தில் இருக்கும் ராச்செஸ்டருக்குக் குடிபோயிருந்தார்கள், அது 300 மைலுக்குள்தான். அதனால்தான் தொப்பியைப் பற்றிக்கூட இவ்வளவு விரிவாக எழுத முடிந்தது என்பது என் ஊகம்.

கனஜோஹரியில் சூசன் தங்கியிருந்தது மாமா மகள் மார்கரெட் வீட்டில். மார்கரெட் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. ஒருநாள் கணவர் தலைவலி என்கிறார். எனக்கு வாரக்கணக்காக இருக்கிறதே என்கிறாள் மனைவி. அதற்கு அவர், "என்னுடையது நிஜமான தலைவலி. உன்னுடையது இயற்கையாக வருவதுதானே" என்கிறார். சூசன் இதைத் திட்டாமல், கூடக் குறைய ஒரு வார்த்தை போடாமல், அப்படியே எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். நான் படித்த வரையில் அவருடைய எந்த மேடைப் பேச்சும் எனக்கு இவ்வளவு உறைக்கவில்லை.

1849 மார்ச்சில் குழந்தை பிறந்தது. "இது கொஞ்சம் கஷ்டமான வேலைதான், இல்லையா அம்மா?" என்று எழுதுகிறார் சூசன். ஆறேழு குழந்தைகளைப் பெற்ற அம்மாவிடம் கேட்கிற கேள்வி! சில வாரங்களில் மார்கரெட் இறந்துபோனார், கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டது சூசன்தான்.

அதன்பிறகு பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. அது கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரூராக ஆண்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த வருடம். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அவர் எழுதினார்: "நான் மட்டும் ஆணாக இருந்தால் போயிருப்பேனே!" ஆணாக இல்லாததால் வேலையை விட்டுவிட்டு, அந்த நரித்தோல் உறையையும் எடுத்துக்கொண்டோ என்னவோ, ராச்செஸ்டரில் அப்பாவின் பண்ணைக்குத் திரும்பினார்.